கரகத்துக்குப் பின்னால் வந்தவர்கள்

தோட்டத்துக் கிளினிக்குகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக எழுதித் தரும்படி என்னிடம் கேட்டவர்கள் கொடுத்த தலைப்பு நீளமானது: அறநெறி, ஓர் அறிமுகம், பல துறைகளில் அதன் பயன்பாடு. கூடவே நான்கு வரிகள் அச்சிட்ட ஒரு தாளையும் அனுப்பியிருந்தார்கள். நல்லது செய். கெடுதல் செய்யாதே. நோயாளியின் விருப்பத்தை மதி. எல்லாரிடமும் நியாயமாக நட. பயிற்சியில் நீங்கள் இவற்றை மனப்பாடம் செய்திருப்பீர்கள். நானும் செய்தவன்தான். நான்கும் ஒரே பக்கம் நடக்கும் நாளில் நமக்குத் தொல்லை இல்லை. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்க யாரும் அறநூல் புரட்ட வேண்டியதில்லை. நான்கும் நாலு பக்கம் இழுத்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன்.

என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படித்துவிட்டு ஆச்சரியப்படுவார்கள். நான் தேதிப் பைத்தியம். எங்கள் பிரிவில் ரப்பர் மரத்தை எப்போது சாய்த்தார்கள், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்று எப்போது நட்டார்கள் என்று கேட்டால் கிழமையோடு சொல்வேன். ஆனால் இந்தக் கட்டுரையில் ஒரு தேதிகூட இராது. தோட்டத்தின் பெயரும் இராது. தேதியும் இடமும் ஒன்றாகச் சேர்ந்தால் ஆள் யார் என்பதை பக்கத்து ஊரான லுக்குட்டில் தேநீர் குடிக்க உட்காரும் எவரும் சொல்லிவிடுவார்கள். நோயாளியின் கதையைச் சொல்வதற்கு முன்னால் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதும் நம் தொழிலின் விதி. கேட்டேன்.

"எழுதிக்குங்க லா, டிரெசர். பேர மட்டும் மாத்திருங்க. மாத்துறதுதான் மாத்துறீங்க, கொஞ்சம் கம்பீரமான பேரா வைங்க," என்றார்.

ஆகவே அவர் இனி வேலாயுதம்.

உங்களில் பலர் நகரத்தில் பிறந்தவர்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிளினிக்கில் நம் பதவியின் பெயர் எத்தனை முறை மாறினாலும் தோட்டத்து மக்களுக்கு நாம் டிரெசர்தான். புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர் என்ற அந்தக் காலத்துப் பெயர். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை.

வேலாயுதம் டிராக்டர் ஓட்டுநர். ஐம்பதைத் தாண்டியவர். வெட்டிய செம்பனைக் குலைகளை உள்ளேயிருந்து ரோட்டோரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. டிராக்டரை எடுக்கும் முன் உடம்பை முழுவதும் திருப்பிப் பின்னால் பார்ப்பார். பின்னால் யாராவது குனிந்து உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தால்? அவர் ஓட்டிய காலம் முழுவதும் பின்பக்கத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. இது அவருக்குப் பெருமை.

ஆனால் தோட்டத்தில் அவர் பேர் வாங்கியது டிராக்டரால் அல்ல, கரகத்தால். ஆண்டுதோறும் எங்கள் மாரியம்மன் கோயில் தீமிதியில் கரகம் எடுப்பவர் அவர்தான். சிரம்பானுக்கும் ரஹாங்குக்கும் குடிபோனவர்கள்கூட அன்றைக்குக் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வேறு எங்கும் நான் அதைப் பார்த்ததில்லை. மற்ற இடங்களில் ஒருவர் தீக்குழியில் இறங்கிக் கரையேறிய பிறகுதான் அடுத்தவர் இறங்குவார். எங்கள் கோயிலில் கரகம் இறங்கியதும் அதன் சூட்டோடு சூடாக அடுத்தவரும் பின்னாலேயே இறங்கிவிட வேண்டும். கரகத்தைத் தாண்டிப் போகவும் கூடாது. கரகம் என்றால் அம்மன். அம்மனை முந்திக்கொண்டு யார் போவது?

இன்னொன்றும் இருந்தது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். காலில் கொப்புளம் வந்தால் விரதத்தில் ஏதோ குறை. காப்புக் கட்டிய பிறகு தீயில் இறங்காமல் நின்றுவிட்டால் பெரிய குறை.

என் பங்கு சிறியது. காப்புக் கட்டும் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் விரதக்காரர்கள் எல்லாருக்கும் இரத்த அழுத்தம் பார்ப்பேன். ஒருமுறை ஒருவர் மயங்கி விழுந்ததால் வந்த ஏற்பாடு. தீமிதி அன்று குழியின் மறுமுனையில், நடந்து வந்தவர்கள் கால் நனைக்கும் பால் குழிக்குப் பக்கத்தில், மருந்துப் பெட்டியோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

காப்புக் கட்டுக்கு முந்தைய திங்கட்கிழமை மாலை, வேலாயுதத்தை அவர் மனைவி சரசு கிளினிக்குக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். சரசு அக்கா சுங்கை காடுட்டில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கிய சீருடையோடு அப்படியே நின்றார்.

"சிமெண்டுத் தரை பூரா ரத்தம், டிரெசர். விரத வீட்டுல எவன்டா கோழி அறுத்தான்னு நான் பதறிட்டேன். பார்த்தா இவரு காலு. இவருக்கே தெரியல."

"சும்மா கத்தாத சரசு. ஒண்ணும் இல்ல லா," என்றபடி வேலாயுதம் காலை நீட்டினார். அக்கா வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒன்றும் இல்லாமல் இல்லை. குதிகாலில் செம்பனை மட்டையின் முள் ஒன்று ஏறி, உள்ளேயே முறிந்திருந்தது. செம்பனை முள் குத்தியவர்களை நீங்கள் இனிமேல்தான் பார்ப்பீர்கள். மலை மாதிரி ஆட்களும் மேசையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிடுவார்கள். நான் இடுக்கியால் தேடித் துழாவி முள்ளை வெளியே எடுக்கும் வரை வேலாயுதம் மெதுவாக ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கலையா?"

"எனக்கா? எனக்கு ஏன் வலிக்கப்போவுது? அம்மா அருள், டிரெசர். இப்ப மூணு வருசமா தீயில எறங்கினாலும் பூவு மேல நடக்குற மாதிரிதான். இருங்க, போன வருசத்து வீடியோ காட்டுறேன்."

கைப்பேசியை நீட்டினார். எங்கள் கோயில் தீக்குழி. பறை, உடுக்கை, கூட்டத்தின் சத்தம். வேலாயுதம் தலையில் கரகத்தோடு இறங்குகிறார். நடுக்குழிக்கு வந்ததும் நிற்கிறார். நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி ஆடுகிறார். கூட்டம் மெய்மறந்து கத்துகிறது.

"பாத்தீங்களா? எவனாவது அந்த மாதிரி நிப்பானா?"

நான் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் இறங்கிய ஒரு பெண்ணைப் பார்த்தேன். முன்னால் போக வழியில்லை, திரும்பவும் முடியாது. மஞ்சள் சேலையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கங்கின் மேல் கால் மாற்றிக் கால் மாற்றித் துள்ளிக்கொண்டிருந்தாள். கலா. எங்கள் பாலர் பள்ளி ஆசிரியை. போன ஆண்டு அவளுடைய இரண்டு உள்ளங்காலுக்கும் என் பெஞ்சில்தான் கட்டுப் போட்டேன். பால் குழிப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு அன்று கரகமும் வேப்பிலையும் புகையும்தான் தெரிந்தன. கொப்புளம் ஆறிவிட்டது. பேச்சு ஆறவில்லை. "டீச்சரு என்னா விரதம் இருந்துச்சோ" என்று பாதி தோட்டம் பேசியது. அதன் பிறகு அவள் கோயில் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். இந்த ஆண்டு பெயரும் கொடுக்கவில்லை.

முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்தேன். விரலில் குத்தி இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தேன். எதிர்பார்த்தது போலவே நன்றாக ஏறியிருந்தது. பிறகு அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் காலில் இங்கும் அங்கும் தொட்டேன். தொடும்போது சொல்லுங்கள் என்றேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"ஆரம்பிங்க, டிரெசர்."

"முடிஞ்சிருச்சி."

கண்ணைத் திறந்தார். "ஏமாத்துறீங்க."

"சத்தியமா தொட்டேன்."

"சரசு! இங்க வா. நீ தொடு. இந்த ஆளு வெளயாடுறாரு."

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மனைவியை உள்ளே அழைத்தவர் அவர். நான் அல்ல. நோய் அவருடையது, யாருக்குத் தெரிய வேண்டும் என்பதும் அவர் முடிவு. கணவன் மனைவிதானே என்று நாமாகக் கதவைத் திறந்துவிடக் கூடாது.

அவர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா குனிந்து அவருடைய கால் பெருவிரலை இரண்டு விரலால் பிடித்துக் கிள்ளினார். பல வருடத்துக் கோபத்தையெல்லாம் சேர்த்துக் கிள்ளியது போலிருந்தது.

"தொடு சரசு. ஏன் சும்மா நிக்குற?"

அக்கா கிள்ளிக்கொண்டேதான் இருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்கள் நிறைந்துவிட்டன. வேலாயுதம் கண்ணைத் திறந்து தன் விரலைப் பார்த்தார், பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி என்று நான் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்தது. அது நியாயமான கோபம். மூன்று ஆண்டுகளாக அவர் வாழ்க்கையில் இருந்த மிகப் பெரிய விஷயத்துக்கு நான் ஒரு வியாதியின் பெயரை வைக்கிறேன் அல்லவா?

"அம்மா அருள இனிப்பு நீருன்னு சொல்றீங்களா?"

"அருள் இல்லன்னு நான் சொல்லலண்ணே. அது என் டிப்பார்ட்மெண்ட் இல்ல. நரம்பு செத்துக்கிட்டு இருக்கு. அது என் டிப்பார்ட்மெண்ட். தீ சுட்டாலும் ஒங்களுக்குத் தெரியாது. புண்ணானாலும் தெரியாது. அழுகுனா மூக்குக்குத்தான் மொதல்ல தெரியும். அப்புறம் காலே இருக்காது."

"என் காலு. நான் நடப்பேன்."

"ஒங்க காலுதான். நடக்க வேணாம்னு நான் சொல்லத்தான் முடியும். கட்டிப்போட முடியாது. ஆனா வீடியோவ இன்னொரு தடவ போடுங்க. இந்தத் தடவ ஒங்களப் பாக்காதீங்க. பின்னாடி பாருங்க."

அவர் பார்த்தார். அக்காவும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அது கலா டீச்சர்தானே?" என்றார் அக்கா. கணவர் பக்கம் திரும்பி, "எங்க ஃபேக்டரியில பிஸ்கட்டெல்லாம் அடுப்புக்குள்ள ஊர்ந்துதான் போவும். முன்னாடி பெல்ட்டு நின்னுச்சின்னா உள்ள இருக்குறது கருகிப்போயிடும். அதுக்கு பிஸ்கட்டையா திட்டுவோம்?" என்றார்.

வேலாயுதம் கைப்பேசியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இத யாருகிட்டயும் சொல்லக் கூடாது, டிரெசர். கரகத்த விட்டா ஊர்ல என்னா பேசுவான்? விரதத்துல தப்புப் பண்ணிட்டான், தண்ணி போட்டுட்டான்னு பேசுவான்."

உங்கள் தாளில் இருக்கும் நான்கு வரிகளும் அப்போது என் அறைக்குள்ளே நின்று ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருந்தன. அவர் காலைக் காப்பாற்ற வேண்டும். அவர் விருப்பத்தை மதிக்க வேண்டும். அவர் பின்னால் இறங்கப்போகிறவர்களுக்குத் தீங்கு வரக் கூடாது. ஒரு தப்பும் செய்யாமல் ஓராண்டாகத் தலை குனிந்து போகும் பெண்ணுக்கு நியாயம் கிடைக்க வேண்டும். வேலாயுதம் கேட்டபடி வாயை மூடிக்கொண்டால் கலாவுக்கு நியாயம் இல்லை. கலாவுக்கு நியாயம் செய்தால் அவர் ரகசியம் போச்சு.

நான் அவரிடம் சொன்னது இதுதான்: "ஒங்க வியாதிய என் வாயால யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு விஷயத்துல சும்மா இருக்க மாட்டேன். அத ஒங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன். நாளைக்குக் காலையில டிராக்டர எடுக்கக் கூடாது. பிரேக்க மிதிக்கிறது ஒங்களுக்குத் தெரியுதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "குனிஞ்சி பாத்துக்குவேன்."

"அப்ப பின்னாடி யாரு பாக்குறது? நீங்க எடுத்தா ஆபிசுக்கு நான் சொல்லியே ஆகணும். ரெண்டாவது, கரகத்துக்குப் பின்னாலேயே ஆளுங்க எறங்குறதா இருந்தா, கரகம் ஒங்க தலையில இருக்கக் கூடாதுன்னு தலைவர்கிட்ட ஒரே ஒரு வரி சொல்வேன். காரணம் சொல்ல மாட்டேன்."

"நீங்க எதுக்கு டிரெசர் வேலைக்கு வந்தீங்க? போலீஸ்ல சேந்திருக்கலாமே," என்று எழுந்தார். கட்டுப் போட்ட காலோடு கதவு வரை போனவர், சரசு அக்காவிடம், "சாவிய எடுத்து ஒளிச்சி வை. காலையில மறந்துருவேன்," என்றார். மறுநாள் முள் குத்தியதைச் சொல்லி அவராகவே விடுப்பு எடுத்துக்கொண்டார். ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

புதன்கிழமை நான் மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரஹாங்குக்குப் போனேன். கோயில் தலைவர் கோபால் அங்கேதான் இருந்தார். தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆட்களை மேய்த்த காலத்துக் குரல் இன்னும் அப்படியே இருந்தது. நல்ல மனிதர். ஆனால் அவர் காதில் போட்ட ரகசியம் மாலைக்குள் லுக்குட் வரை போய்விடும்.

நான் இரண்டு விஷயம் கேட்டேன். இந்த ஆண்டு விரதக்காரர்கள் தகுதியா இல்லையா என்று வழக்கம் போல மேடையில் என்னைக் கேட்க வேண்டாம். அவரவர் உடம்பை அவரவரே சொல்லட்டும். அடுத்தது, கரகம் கரையேறிய பிறகு மற்றவர்கள் இறங்கட்டும்.

இரண்டாவதற்கு உடனே கையை ஆட்டிவிட்டார். "அது வழக்கம் லா, டிரெசர். எங்க அப்பா காலத்துலேருந்து இருக்கு. அதுல கை வைக்காதீங்க." முதலாவதைக் கேட்டதும் அவர் கண் இடுங்கியது. "ஏன்? யாருக்கோ என்னமோ இருக்கு. சொல்லுங்க. என் வாயிலேருந்து வராது."

"யாருக்கும் இல்லண்ணே. பொதுவாச் சொல்றேன்."

"மணியத்துக்கா?"

அவர் மனைவி தட்டில் வடை கொண்டுவந்து வைத்தார். நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

"சந்திரனுக்கா? அவன் முகமே சரியில்ல. அவன் மச்சானுக்கா? வேலாயுதத்துக்கா?"

ஒவ்வொரு பெயருக்கும் என் முகத்தை உற்றுப் பார்த்தார். நான் ஒவ்வொரு பெயருக்கும் ஒரே மாதிரி வடையைக் கடித்தேன். ரகசியம் காப்பது என்றால் வாயை மூடிக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். வாயைவிட முகம்தான் அதிகம் பேசும். குற்றமற்ற பெயருக்குச் சட்டென்று "இல்லை" என்றால், அடுத்த பெயருக்கு வாய் மூடியதுமே ஆள் மாட்டிக்கொள்வார். ஆகவே எல்லாருக்கும் ஒரே வடை. வேலாயுதத்தைப் பற்றிய அந்த ஒரு வரியை வெள்ளிக்கிழமை வரை வைத்துக்கொள்ளலாம் என்று, தட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பினேன். வயிறு உப்பியதுதான் மிச்சம். "சரி, மேடையில ஒங்களக் கேக்கல, போதுமா?" என்று வாசல் வரை வந்து சொன்னார்.

வெள்ளிக்கிழமை மாலை கோயில் வாசல் நிறைந்திருந்தது. விரதக்காரர்கள் மஞ்சள் உடையில் வரிசையாக நின்றார்கள். கரகக்காரர் என்பதால் வேலாயுதம் முதலில். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அன்று வருவாரா, வந்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. சரசு அக்கா பெண்கள் பக்கம் நின்றுகொண்டு சேலை முனையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். கலாவும் வந்திருந்தாள். பாலர் பள்ளிப் பிள்ளைகள் ஆடுவதற்காக அவர்களைக் கூட்டிவந்து, கோயிலுக்குள் வராமல், வேலி ஓரமாக நின்றாள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். கொடுத்த வாக்கு அவருக்கு மைக்கைக் கண்டதும் மறந்துவிட்டது. கெட்ட எண்ணம் இல்லை, பழக்கம்.

"நம்ம டிரெசர் வந்திருக்காரு! டிரெசர், எல்லாரும் ஃபிட்டுதானே? கரகம் வழக்கம் போல நம்ம வேலாயுதம். ஓகேவா?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் வேலாயுதத்தின் மானம் போகும். தயங்கினால் அதுவே இல்லை என்பதுதான். இந்த மாதிரி நேரத்தில் பதிலைத் தேடாதீர்கள். கேள்வி சரியான ஆளிடம் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்தக் கேள்வி என்னுடையது அல்ல.

"தலைவரே, புதன்கிழமை வடை சாப்பிட்டப்ப என்னா பேசினோம்? அவங்கவங்க ஒடம்ப அவங்கவங்கதான் சொல்லணும்," என்றேன். "வரிசையில கடைசியிலேருந்து கேட்டுக்கிட்டு வாங்க."

கடைசியிலிருந்து என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. வேலாயுதத்துக்குக் கொஞ்ச நேரம் வேண்டும் என்று எனக்குப் பட்டது. என்னால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

தலைவர் நாக்கைக் கடித்துக்கொண்டு வரிசையின் கோடிக்குப் போனார். முதலில் கூச்சம். "நல்லா இருக்கேன்," "நல்லா இருக்கேன்" என்றார்கள். மணியம்தான் அதை உடைத்தார். "எனக்குப் பிரஷர் இருக்கு. மாத்திரை போடுறேன். வீட்டுல சொல்லல." பெண்கள் பக்கத்திலிருந்து, "இப்ப தெரிஞ்சிருச்சி, வீட்டுக்கு வாங்க!" என்று ஒரு குரல் வந்தது. கூட்டம் சிரித்தது. அடுத்தவர் மூட்டு வலி என்றார். சந்திரன் மைக்கை வாங்கி, "எனக்குத் தீயப் பாத்தா பயமா இருக்கு. இது வியாதியா, டிரெசர்?" என்று கேட்டான். "இல்ல, அது புத்தி," என்றேன். தாளக்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். மைக் வரிசையின் தலைப்பக்கம் வருவதற்குள் உடம்பைப் பற்றிப் பேசுவது அவமானம் என்ற எண்ணமே அந்த வாசலை விட்டுப் போயிருந்தது.

கடைசியில் மைக் வேலாயுதம் கைக்கு வந்தது. அவர் டிராக்டரை எடுப்பதற்கு முன் செய்வது போல உடம்பை முழுவதும் திருப்பிப் பின்னால் பார்த்தார். வேலி ஓரம் வரை பார்த்தார்.

"எனக்கு இனிப்பு நீரு," என்றார். "காலு ரெண்டும் மரத்துப்போச்சி. கிள்ளுனாலும் தெரியாது. சரசு கிள்ளிப் பாத்திருச்சி. அம்மா அருள்னு நெனச்சேன். அருளும் இருக்கட்டும். ஆனா இனிப்பு நீரும் இருக்கு லா."

யாரும் சிரிக்கவில்லை.

"போன வருசம் நடுக்குழியில நின்னு ஆடுனேன். எனக்குச் சுடல. பின்னாடி நின்ன புள்ளைக்குச் சுட்டுச்சி. நான் திரும்பியே பாக்கல. கலா டீச்சர், ஒன் விரதத்துல ஒரு கொறையும் இல்லம்மா. நான்தான் ரோட்ட மறிச்சிக்கிட்டு நின்னுட்டேன்."

மைக்கின் சத்தம் லயத்து வீடுகள் வரை போய்த் திரும்பி வந்தது. எல்லாத் தலையும் வேலிப் பக்கம் திரும்பியது. கலா கையிலிருந்த பிள்ளையை இறக்கிவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு வருசமா நான் என்னா தப்புப் பண்ணேன்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேண்ணே," என்றாள். மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. "ஹார்ன் அடிச்சிருக்கணும் போல இருக்கு."

முதலில் சிரித்தவர் வேலாயுதம்தான். பிறகு வாசல் முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பூசாரி தட்டிலிருந்து ஒரு காப்புக் கயிற்றை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய், "கைய நீட்டும்மா," என்றார். போன ஆண்டு பேசியவர்களில் ஓரிருவர் தரையைப் பார்த்தார்கள். தலைவர் மைக்கைத் திரும்ப வாங்கி, கரகம் கரையேறிய பிறகுதான் இனி அடுத்தவர் இறங்க வேண்டும் என்று அறிவித்தார். "இத நான் புதன்கிழமையே யோசிச்சி வச்சிருந்தேன்," என்றும் சேர்த்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை. நல்ல யோசனை யாருடையதாக இருந்தால் என்ன?

நான் நிறையப் படிப்பவன். அறநெறி பற்றிய புத்தகங்களும் என் அலமாரியில் உண்டு. மருத்துவருக்கு ஓர் அதிகாரம், வணிகருக்கு ஓர் அதிகாரம், பொறியாளருக்கு, பத்திரிகையாளருக்கு என்று பிரித்து வைத்திருப்பார்கள். பிரிவு தேவைதான். பத்திரிகையாளரின் ரகசியக் காப்பும் நம்முடையதும் ஒன்றல்ல. ஆனால் அந்த வாரத்தில் நான் பார்த்தது, அடுத்த துறையின் நெறி சில வேளைகளில் நம் நோயாளிக்குச் சட்டென்று பிடிபடும் என்பது. நோயாளியின் உரிமை, பிறருக்குத் தீங்கு என்று நான் நாள் முழுக்கப் பேசியிருந்தாலும் வேலாயுதத்துக்கு அது அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரிதான் கேட்டிருக்கும். முன்னால் நின்ற பெல்ட்டுக்குப் பிஸ்கட்டைத் திட்டாதே என்று அவர் மனைவி சொன்னது உள்ளே போனது. வண்டியை எடுக்கும் முன் பின்னால் பார் என்பது அவர் தாமே இத்தனை காலம் காத்த நெறி. அதைத் தீக்குழி வரை நீட்டிக்கொண்டார், அவ்வளவுதான். உங்களிடம் வருகிறவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேளுங்கள். அந்தத் தொழிலில் எதைச் செய்யவே மாட்டார் என்றும் கேளுங்கள். பாதி வேலையை அவரே முடித்துக் கொடுப்பார்.

இதில் என் திறமை பெரிதாக ஒன்றும் இல்லை. வேலாயுதம் பேசாமல் கரகத்தைக் கேட்டிருந்தால், நான் அவரிடம் சொல்லி வைத்தபடி அந்த ஒரு வரியைத் தலைவரிடம் சொல்லியிருப்பேன். ஊரும் அவரைப் பற்றி ஏதாவது பேசியிருக்கும். அந்த முடிவும் சரிதான், ஆனால் அதில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

தீமிதி நாளில் கரகத்தை மணியத்தின் தம்பி எடுத்தார். வேலாயுதம் பால் குழிக்கு மறுபக்கம், கரையேறுகிறவர்களைக் கை கொடுத்துத் தூக்கிவிட நின்றார். வெறுங்காலில் நிற்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். லுக்குட் கடையில் வாங்கிய வெள்ளைத் துணிச் சப்பாத்தோடு வந்தார். கோயில் மண்ணில் சப்பாத்தா என்று கமிட்டி கூடிப் பேசியது. பேச்சு நீண்டது. தலைவர் முடியாது என்றார். பூசாரி யோசித்துவிட்டு, "டிரெசர் போடுற கட்ட யாரும் கழட்டச் சொல்லல," என்றார். நான் பேண்டேஜை எடுத்துச் சப்பாத்தின் மேலேயே சுற்றிவிட்டேன். இது ஏமாற்று இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அத்தனை பேர் கண்ணெதிரே, அத்தனை பேரும் தலையாட்டச் செய்தது எப்படி ஏமாற்றாகும்?

அவர் கால்கள் இரண்டும் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அரசு கிளினிக்கில் மருந்து வாங்குகிறார். டிராக்டரை விட்டுத் தோட்டத்துப் பட்டறைக்கு மாறிக்கொண்டார். தினமும் சரசு அக்காவின் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். "மூஞ்சியப் பாத்து என்னா ஆவப்போவுது," என்பது அவர் வாதம்.

அந்தத் தீமிதி அன்று ஒருவர் பின் ஒருவராக, முன்னவர் கரையேறிய பிறகே அடுத்தவர் இறங்கினார்கள். ஏழாவதோ எட்டாவதோ ஆளாகக் கலா இறங்கினாள். எண்ணிக்கையை நான் சரியாகக் குறிக்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படி விட்டது அபூர்வம். அவள் நிற்கவில்லை, ஓடவும் இல்லை. வேகமாக நடந்து வந்து பாலில் கால் வைத்தாள். வேலாயுதம் கை கொடுத்து மேலே தூக்கிவிட்டார். நேராக என் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கும்படி காலை நீட்டினாள்.

நான் குனிந்து உள்ளங்காலைப் பார்த்தேன். இன்னொரு காலையும் பார்த்தேன். நிமிரப் போனபோது, என் தலைக்கு மேல் வேலாயுதத்தின் குரல் கேட்டது.

"டிரெசர், பின்னாடியும் பாருங்க."

குதிகாலைத் திருப்பிப் பார்த்தேன். கொஞ்சம் பால், கொஞ்சம் சாம்பல். துடைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.